சுண்ணாம்பு பட்ட கார்டீனியா

கிரேக்கத் துறைமுக நகரமான வோலோஸின் ரயில் நிலையத்தைத் தாண்டி உள்ளே போனால் வருகிற குறுகலான தெருக்களில் ஒன்றில்தான் அசிமினாவின் வீடு. இரண்டே அறை. ஆனால் முன்முற்றத்தில் நாற்பத்தொரு தகர டின்கள். மே மாதக் கடைசியில் அந்த வழியாகப் போகிறவர்கள் தாமாகவே நடையைக் குறைத்துக்கொள்வார்கள். நீல ஹைட்ரேஞ்சியா ஒரு பக்கம், செவ்வரளி ஒரு பக்கம், கூரை விளிம்பிலிருந்து தொங்கும் ஃபூசியா, வாசல்படியில் திருநீற்றுப்பச்சிலை. யாராவது நின்று வாயைப் பிளந்தால் போதும், உள்ளேயிருந்து குரல் வந்துவிடும்.

"பாத்தது போதும், முதல்ல மூணு தடவை துப்பிட்டுப் போ! செடிக்குக் கண்ணு பட்டா நீயா வந்து பாப்பே?"

துப்பிவிட்டுத்தான் போவார்கள். அவளிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர்கள் அந்தத் தெருவில் கிடையாது, ஒரே ஒருத்தியைத் தவிர. அந்த ஒருத்தியைப் பற்றித்தான் இந்தக் கதையில் பாதி.

அசிமினாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. குள்ளமான உருவம், தண்ணீரிலேயே கிடந்து சிவந்துபோன கைகள். இருபத்தாறு வருடமாக ஸ்டெர்கியோஸின் சிப்புரோக் கடையில் பாத்திரம் கழுவுகிறாள். சிப்புரோ என்கிற திராட்சைச் சாராயத்தை ஊற்றிக் கொடுத்து, கூடவே சின்னச் சின்னத் தட்டுகளில் மீனும் கணவாயும் வைக்கிற கடை. மத்தியானம் உட்காருகிறவர்கள் வெயில் தாழ்ந்துதான் எழுந்திருப்பார்கள். அதற்குள் கழுவுதொட்டியில் தட்டு மலையாகக் குவிந்திருக்கும். கணவன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. ஒரே மகள் தெசலோனிகியில் நாலாவது மாடியில் குடித்தனம் நடத்துகிறாள். வாரத்துக்கு ஒருமுறை போன் போட்டு, "இங்கயே வந்து இருந்துடேம்மா" என்பாள். "என்னோட டின்னுங்களையெல்லாம் எங்கடி வைக்கிறது, உன் மாமியார் தலையிலயா?" என்று இவள் கேட்பாள். பேச்சு அதோடு முடியும்.

டின்கள் எல்லாம் கடையிலிருந்து வந்தவை. ஃபெட்டா சீஸ் உப்புத் தண்ணீரில் மிதந்துகொண்டு வருகிற சதுர டின், ஆலிவ் எண்ணெய் வருகிற பெரிய டின், மீன் ஊறுகாய் டின். மற்றவர்களுக்கு அது குப்பை. அசிமினா ஒரு டின்னைக் கையில் எடுத்தால் அது வீடு வந்து சேர்ந்து செடி ஏறுவதற்கு இரண்டு வாரம் ஆகும். சீஸ் டின்னில் உப்பு ஊறியிருக்கும். அதைக் கொதிநீர் விட்டு மூன்று தடவை அலசி, ஒரு வாரம் வெயிலில் கவிழ்த்து வைப்பாள். ஆணியை உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக அடித்து ஓட்டை போடுவாள். வெளியிலிருந்து அடித்தால் கிழிந்த விளிம்பு உள்ளே மடங்கி, அடியில் தண்ணீர் நின்று, வேர் அழுகிவிடும். ஓட்டைமேல் ஒரு ஓட்டுச் சில்லு. டின்னுக்கு அடியில் இரண்டு கல், காற்றுப் போக. இவ்வளவுதான் விஷயம், ஆனால் இதைக்கூடச் செய்யாமல் கடைத்தெருவில் விலை உயர்ந்த தொட்டி வாங்கி, அதில் செடியைச் சாகடிக்கிறவர்கள்தான் ஊரில் முக்கால்வாசிப் பேர்.

கோடையில் தகரம் சுடும், வேர் வெந்துவிடும். அதற்கும் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆலிவ் காய் வருகிற பெரிய பீப்பாயைப் பாதியாக அறுத்து, டின்னை அதற்குள் இறக்கி, நடுவில் இருக்கும் சந்தில் ஈர மரத்தூளைத் திணித்தாள். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே செடி சொகுசாக இருக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய சூட்சுமம் எலுமிச்சை. மீன் கடையில் பிழிந்து போட்ட எலுமிச்சை மூடிகளுக்குப் பஞ்சமே இல்லை. அவற்றை ஒரு வாளி மழைத்தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரை ஹைட்ரேஞ்சியாவுக்கும் கார்டீனியாவுக்கும் ஊற்றுவாள். இரண்டுமே புளிப்பு மண் கேட்கிற செடிகள். படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டவள். இதையெல்லாம் தானே பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். இதை நினைத்தால் பெருமையாகத்தான் இருக்கிறது, ஏன் மறைக்க வேண்டும்?

முற்றத்தின் கிழக்கு மூலையில், காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில், மஞ்சள் பீப்பாய்க்குள் இருப்பது கார்டீனியா. பதினாறு வயது. அதற்கு அசிமினா வைத்த பெயர் 'முதலாளியம்மா'. சரியாகக் கவனிக்காவிட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும், மொட்டை உதிர்த்துவிடும் என்பதால் அந்தப் பெயர். ஜூன் மாதம் வெண்ணெய் மாதிரி வெள்ளையாகப் பூக்கும், மூன்று வீடு தள்ளி வாசம் வரும்.

தெருவுக்கு எதிர்ப்பக்கம், நேர் எதிரே, எவாந்தியாவின் வீடு. அவளிடமும் ஒரு கார்டீனியா, நீலப் பீப்பாயில். பீப்பாய்க்குள் டின் வைக்கிற யோசனையை எவாந்தியா ஒரே வாரத்தில் பார்த்துக் காப்பியடித்தாள் என்று அசிமினா தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தது தனிக் கதை. ஒவ்வொரு வருடமும் யார் செடி முதலில் பூக்கிறது என்று இருவருக்கும் போட்டி. முதலில் பூத்தவள் அந்த முதல் பூவை ஒரு தண்ணீர் டம்ளரில் வைத்து எதிர்வீட்டுக்கு எடுத்துப் போவாள்.

"இந்தாடி, மேஜையில வெச்சுக்கோ. பாவம், உன் வீட்ல இன்னும் பூக்கலையே."

கொடுக்கிறவள் முகத்தில் தேன் ஒழுகும், வாங்குகிறவள் பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொல்வாள். பதினாறு வருடத்தில் அசிமினா ஏழு, எவாந்தியா ஒன்பது. இவர்கள் சிநேகிதிகளா, எதிரிகளா என்று கேட்டால் இரண்டு பேருக்குமே பதில் தெரியாது. ஆனால் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் சூப்போடு போய் நிற்பாள், "பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க மறந்துடாத" என்று சொல்லிவிட்டு வருவாள்.

எவாந்தியாவின் கணவர் கோஸ்மாஸ் முப்பத்தொரு வருடம் போலீஸில் இருந்தவர். ஓய்வுபெற்ற பிறகும் தெருவுக்கு அவர் சார்ஜண்ட்தான். சட்டையில் ஒரு மடிப்பு கலையாது. வாழ்நாளில் ஒரு செடிக்கும் தண்ணீர் ஊற்றியதில்லை, அது எவாந்தியாவின் ராஜ்யம்.

பிப்ரவரியில் ஒரு காலை எவாந்தியா சமையலறையில் விழுந்தாள். வலது பக்கம் முழுக்க இழுத்துவிட்டது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அசிமினாவும் ஓடிப்போய் நின்றாள். எவாந்தியாவின் வாய் ஒருபக்கமாகக் கோணியிருந்தது. ஏதோ சொல்ல முயன்றாள், வெறும் சத்தம்தான் வந்தது. கோஸ்மாஸ் குனிந்து காதைக் கொடுத்தார். கடைசியில் ஒரே ஒரு வார்த்தை முழுசாக வந்தது.

"கார்டீனியா."

மருத்துவமனையில் மூன்று வாரம், அதன்பிறகு லாரிசாவில் நடக்கவும் பேசவும் பழக்குகிற இல்லத்தில் மூன்று மாதம். கோஸ்மாஸ் செவ்வாயும் ஞாயிறும் பஸ் ஏறிப் போய் மனைவியைப் பார்த்துவிட்டு வருவார். மற்ற நாட்களில் அந்த ஒற்றை வார்த்தையைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு நின்றார். அசிமினா வாசலில் போய், "சார்ஜண்ட் சார், நான் ஒரு எட்டு வந்து செடியைப் பாக்கட்டுமா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

"வேண்டாம்மா. அவ என்கிட்டதான் ஒப்படைச்சிருக்கா. நானே பாத்துக்கறேன்" என்று இரும்புக் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்றாவது தடவை கேட்க அவளுடைய ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின புனித வாரத்தில் எல்லா வீட்டிலும் வெள்ளையடிப்பது வழக்கம். வாசல்படி, மதில், மரங்களின் அடித்தண்டு, பூ டின்கள், எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு. கோஸ்மாஸும் அடித்தார். அந்த வருடம் தெருவிலேயே பளிச்சென்று இருந்தது அவர் வீடுதான். பார்த்தவர்கள், "பெண்டாட்டி இல்லாத வீடா இது, சபாஷ்!" என்றார்கள். அதுதான் வினை. தனியாக இருக்கிற மனுஷர், கை சும்மா இருக்க மாட்டேனென்கிறது, பாராட்டு வேறு. ஈஸ்டர் போன பிறகும் ஒவ்வொரு சனிக்கிழமையும் சுண்ணாம்பு வாளியை எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

மே கடைசி வாரத்தில் ஒரு வியாழக்கிழமை, அசிமினா வேலைக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எவாந்தியாவின் வாசல்படியில் இருபுறமும் இருக்கும் இரண்டு ஹைட்ரேஞ்சியாவும் பூத்திருந்தன. எப்போதும் நீலமாகப் பூக்கிறவை, அசிமினாவுடையதைவிட ஒரு பிடி அதிக நீலம் என்று எவாந்தியா அலட்டிக்கொள்கிறவை. இப்போது இளஞ்சிவப்பாக இருந்தன.

தெருவைத் தாண்டிப் போய் இரும்புக் கதவைக் கையால் அறைந்தாள்.

"சார்ஜண்ட் சார்! கதவைத் திறங்க!"

கோஸ்மாஸ் மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு வந்தார். "என்னம்மா, காலங்காத்தால திருட்டு ஏதாச்சும் போயிடுச்சா?"

"இந்தப் பூ எப்ப இந்தக் கலராச்சு?"

"ஓ, அதுவா?" அவர் முகம் மலர்ந்தது. "பாத்தியா, இந்தத் தடவை ரோஸ் கலர்ல வந்திருக்கு. நான் கவனிச்சுக்கிட்ட லட்சணம்! எவாந்தியா வந்து பாத்தா அசந்துபோவா."

"அசந்துதான் போவா. கார்டீனியாவைக் காட்டுங்க."

"அது கொஞ்சம் வெளுத்திருக்கு. வெயிலுக்கா இருக்கும்."

அவரை ஒதுக்கித் தள்ளிவிட்டு அசிமினா உள்ளே போனாள். கண் கூசுகிற வெள்ளை. தரையின் கல் இடுக்குகள், எலுமிச்சை மரத்தின் தண்டு, டின்களின் வெளிப்புறம், உள் விளிம்பு, எல்லாமே. நீலப் பீப்பாய்கூட இப்போது வெள்ளைப் பீப்பாய். அதற்குள் கார்டீனியா நின்றது. அதன் தண்டிலும் ஒரு முழம் உயரத்துக்குச் சுண்ணாம்பு. இலைகள் எல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. மொட்டுகள் பழுப்பாகி அடியில் கொட்டிக் கிடந்தன. மிச்சம் பதினொன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"வாளி கழுவின தண்ணியை எங்க ஊத்துனீங்க?" அவள் குரல் தணிந்திருந்தது. அவள் கத்தாமல் பேசினால்தான் பயப்பட வேண்டும் என்று தெருவுக்கே தெரியும்.

"வீணாக்குவானேன்னு..." அவர் செடியைப் பார்த்தார். "இதுலதான்."

"ஒவ்வொரு சனிக்கிழமையுமா?"

"ஆமா."

"முப்பத்தொரு வருஷம் எத்தனை பேரை விசாரிச்சிருப்பீங்க! உங்க வீட்டு வாசல்லயே தடயம் ரெண்டு பூத்து நிக்குது, அதைப் போய் அழகா இருக்குன்னு சொல்றீங்களே! சுண்ணாம்பு மண்ணுல இறங்கினா நீலப் பூ சிவப்பாயிடும். கார்டீனியாவுக்கு அது விஷம். ஜெரேனியத்துக்கு அடிங்க, வேணாங்கலை. இதுக்கு அடிப்பாங்களா?"

கோஸ்மாஸ் முக்காலியை இழுத்து உட்கார்ந்தார். அந்த நேரான முதுகு வளைந்ததை அவள் அன்றுதான் பார்த்தாள்.

"ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா, அசிமினா" என்றார். "என் பேரைக்கூடச் சொல்லலை. இதைத்தான் சொன்னா. அடுத்தடுத்த சனிக்கிழமைக்கு அவளை வீட்டுக்கு அனுப்பறாங்க. இன்னும் பதினாறு நாள். நான் என்ன மூஞ்சியோட காட்டுவேன்?"

அசிமினாவுக்குத் திட்டுவதற்கு இன்னும் நிறைய பாக்கி இருந்தது. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டாள். கடைக்குப் போன் போட்டு, "ஸ்டெர்கியோஸ், இன்னிக்குத் தட்டை நீயே கழுவு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

செடியைச் சுற்றி வந்து பார்த்தாள். வழி ஒன்றுதான். வெளியே எடுத்து, மண்ணை உதறி, வேரை மழைத்தண்ணீரில் அலச வேண்டும். மூன்றில் ஒரு பங்கு கிளையைக் கழித்துவிட்டுப் புது மண்ணில் வைக்க வேண்டும். அப்படிச் செய்தால் மொட்டு ஒன்றுகூட மிஞ்சாது, இந்த வருடம் பூவே கிடையாது.

"அந்தப் பதினொரு மொட்டையும் விட்டுவையேன்" என்றார் கோஸ்மாஸ். "பதினாறு நாள்தானே. ஒண்ணாவது பூக்கட்டும். அவ ஒரு பூவைப் பாத்துட்டா போதும். அப்புறம் வெட்டிக்கலாம்."

"விட்டா, இருக்கிற உசுரையெல்லாம் அந்த மொட்டுக்குள்ள கொட்டும். பூக்கும், ஒண்ணோ ரெண்டோ. ஆகஸ்ட்ல விறகாயிடும். உங்களுக்குப் பூ வேணுமா, செடி வேணுமா?"

அவர் எழுந்துபோய் சமையலறையிலிருந்து கத்தரிக்கோலைக் கொண்டுவந்தார். அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். அசிமினா மொட்டுகளை ஒவ்வொன்றாக வெட்டினாள். அவளுடைய போட்டிக்காரியின் மொட்டுகள். ஜெயிப்பது இவ்வளவு கசக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

புது மண்ணுக்குச் செஸ்ட்நட் மரத்தடியில் மக்கிய இலை மண் வேண்டும். தன் மூட்டையை வசந்தத்திலேயே தீர்த்திருந்தாள். பஸ் பிடித்து பீலியோன் மலைக்குப் போய், மரத்தடிகளைச் சுரண்டி ஒரு சாக்கு நிரப்பி, மடியில் வைத்துக்கொண்டு திரும்பினாள். "பஸ்ஸுக்குள்ள மண்ணைக் கொட்டறீங்களேம்மா" என்று டிரைவர் முணுமுணுத்தபோது, "நாளைக்கு உன்னைப் புதைக்கறப்ப இவ்வளவு நல்ல மண்ணு கிடைக்காது, பேசாம ஓட்டு" என்றாள். சாயங்காலம் கோஸ்மாஸ் துவைக்கிற தொட்டியில் சேர்த்துவைத்த மழைத்தண்ணீரை ஊற்றிக்கொண்டு நிற்க, அவள் வேர்களைப் பிள்ளையின் தலைமுடியை அலசுவதுபோல விரலால் கோதிக் கோதி அலசினாள். தண்ணீர் பால்போல வெளுத்தது. மூன்று தொட்டித் தண்ணீர் மாற்றினார்கள். நான்காவதில்தான் தெளிந்தது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் வேலைக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் அசிமினா அந்த முற்றத்தில் இருந்தாள். எலுமிச்சைத் தண்ணீர், நிழலுக்கு ஒரு பழைய படுக்கை விரிப்பு. கோஸ்மாஸ் சொன்னதைச் செய்தார், சொல்லாததைத் தொடவில்லை. மஞ்சள் இலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. இரண்டாவது வாரக் கடைசியில் மிஞ்சியது முழங்கால் உயரத்துக்குக் குச்சிகள்தான். குச்சிகளின் கணுக்களில், கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் தெரிகிற அளவுக்குப் பச்சைப் புள்ளிகள்.

"பொழச்சிடுச்சு" என்றாள் அசிமினா வெள்ளிக்கிழமை காலையில்.

"நாளைக்கு அவ வந்து இந்தக் குச்சியைப் பாக்கப் போறா" என்றார் கோஸ்மாஸ். "அங்க டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? அவ பயிற்சிக்குச் சரியா ஒத்துழைக்கிறதில்லையாம். எதுலயும் பிடிப்பு இல்லையாம். வீட்டுக்குப் போனா மனசு மாறலாம்னாரு. வீட்ல இதுதான் இருக்கு."

அசிமினா வீட்டுக்கு வந்தாள். காப்பி போட்டாள், குடிக்கவில்லை. கிழக்கு மூலையில் முதலாளியம்மா நின்றது. அறுபத்துநான்கு மொட்டு. இரண்டு மொட்டு பச்சை முக்காட்டை நீக்கி வெள்ளை காட்டிக்கொண்டிருந்தது. நாளைக் காலை கண்டிப்பாக விரியும். பதினாறு வருடத்தில் இப்படிக் கனத்து அது நின்றதே இல்லை. பெற்ற பெண் வீட்டைவிட்டுப் போனபோதுகூட அசிமினா இந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் அழுதாள். அவள் அதைப் பார்த்தபடி நின்று, கோஸ்மாஸைத் திட்டினாள், டாக்டரைத் திட்டினாள், எவாந்தியாவைத் திட்டினாள், கடைசியில் தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகு கடைக்குப் போய் மீன் பெட்டி தள்ளுகிற வண்டியை ஸ்டெர்கியோஸிடம் கேட்டு வாங்கிவந்தாள்.

வண்டியில் மஞ்சள் பீப்பாயைப் பார்த்ததும் கோஸ்மாஸ் வாசலிலேயே கையை நீட்டித் தடுத்தார்.

"இது என்ன?"

"டின்னை மட்டும் தூக்கி உங்க பீப்பாய்க்குள்ள இறக்கிடுவோம். உங்களோடது என் வீட்டுக்கு வந்துடும். வெளியில பாத்தா ஒண்ணும் தெரியாது."

"அம்மா, இதுக்குப் பேரு மோசடி. தடயத்தை மாத்தி வைக்கிறது. நான் முப்பத்தொரு வருஷம்..."

"இப்ப ரிட்டயர் ஆயிட்டீங்க இல்ல, பேசாம அந்தப் பக்கம் பிடிங்க!"

பிடித்தார். தூக்கி இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. "இதை உனக்கு எப்படித் திருப்பிக் கொடுக்கறது, அசிமினா?" என்றார்.

"யாரு திருப்பிக் கேட்டா? அவ ஒரு வருஷம் சந்தோஷமா பாத்துட்டுப் போகட்டும். சுண்ணாம்பு வாளியை மட்டும் இந்தப் பக்கம் கொண்டுவந்தீங்க, கையை ஒடிச்சிடுவேன்."

சொல்லிவிட்டு, வாசல்படியில் இருந்த இளஞ்சிவப்புப் பூக்களையும் தடயமில்லாமல் வெட்டியெடுத்துக்கொண்டு அவசரமாகக் கிளம்பினாள். குச்சியாக நின்ற எவாந்தியாவின் செடியைத் தன் மஞ்சள் பீப்பாயில் இறக்கினாள். இந்த மனுஷியைப் பற்றி ஊரில் யாரும் எதுவும் எழுதிவைக்கப் போவதில்லை. ஆனால் இருக்கிறதிலேயே நல்லதை, தன்னை ஒன்பது தடவை தோற்கடித்தவளுக்குத் தூக்கிக் கொடுக்க எத்தனை பேரால் முடியும்?

சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கார் வந்தது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. எவாந்தியா பாதியாக இளைத்திருந்தாள். இடது கையில் ஊன்றுகோல், வலது கை பக்கவாட்டில் அசையாமல் தொங்கியது. கோஸ்மாஸ் தாங்கிப் பிடிக்க, ஒவ்வொரு அடியாக முற்றத்துக்குள் வந்தாள். வந்தவர்களையெல்லாம் பார்த்தாளே தவிர யாருக்கும் முகம் கொடுக்கவில்லை. வாசம்தான் அவளை முதலில் நிறுத்தியது. இரண்டு பூவும் காலையில் விரிந்திருந்தன.

நாற்காலியைச் செடிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார வைத்தார்கள். எவாந்தியா ஊன்றுகோலைக் கீழே வைத்துவிட்டு இடது கையால் பூவைத் தொட்டாள். இதழைத் தடவினாள். முகத்தில் ஏதோ ஒன்று இளகியது. கோஸ்மாஸ் மூச்சை விட்டார். அசிமினா கூட்டத்துக்குப் பின்னால் கதவோரமாக நின்றுகொண்டிருந்தாள், உதட்டைக் கடித்தபடி.

பிறகு எவாந்தியாவின் கை பூவை விட்டுக் கீழே இறங்கியது. இலைகளை விலக்கிக்கொண்டு தண்டுக்குப் போயிற்று. அங்கே எதையோ தேடியது. ஒரு கிளையைத் தடவியது, பிறகு அடுத்ததை. நெற்றி சுருங்கியது.

"கட்டு... எங்க?" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. அசிமினாவுக்குப் புரிந்தது. எந்தக் காற்றிலோ முறிந்த கிளையை எவாந்தியா தன் பழைய காலுறையால் இறுக்கிக் கட்டி ஒட்டவைத்திருந்தாள். வெட்டும்போது அந்தத் தழும்பை அசிமினா பார்த்தாள், அதைத் தவிர்த்துவிட்டு மேலேதான் வெட்டினாள். முதலாளியம்மாவில் அப்படி ஒரு தழும்பு இல்லை.

எவாந்தியா தலையைத் திருப்பித் தேடினாள். கதவோரம் நின்றவளைக் கண்டுபிடித்தாள்.

"இது... உன்னோடது."

கோஸ்மாஸ் முன்னால் வந்து மேலதிகாரி முன்னால் நிற்பதுபோல விறைத்து நின்றார். "என் தப்பு, எவாந்தியா. சுண்ணாம்பை ஊத்திட்டேன். வாராவாரம் ஊத்தினேன். அசிமினாதான் காப்பாத்தினா. உன் மனசு நோகக் கூடாதுன்னு அவளோடதை இங்க கொண்டுவந்து வெச்சா. பொய் சொல்லணும்னு இல்லை..." குரல் உடைந்துவிட்டது.

எவாந்தியா அவரைப் பார்க்கவில்லை. "என்னோடது... கொண்டா" என்றாள் அசிமினாவிடம்.

அசிமினா தெருவைத் தாண்டி ஓடினாள். குச்சிகள் நின்ற டின்னைத் தானே தனியாகத் தூக்கிக்கொண்டு வந்து, மூச்சிரைக்க, எவாந்தியாவின் காலடியில் வைத்தாள். அந்த நிமிடம் அவள் பட்ட வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல. பொய்யும் சொல்லியாயிற்று, அதில் தோற்றும் ஆயிற்று.

"திட்டறதுன்னா திட்டு" என்றாள். "மொட்டையெல்லாம் நான்தான் வெட்டினேன். வேற வழி இல்லை."

எவாந்தியா குனிந்தாள். விழுந்துவிடப் போகிறாளோ என்று கோஸ்மாஸ் தோளைப் பிடித்தார். அவள் இடது கைச் சுட்டுவிரலால் குச்சிகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போனாள். பச்சைப் புள்ளி வருகிற இடத்திலெல்லாம் விரல் நின்றது. உதடு அசைந்தது. எண்ணுகிறாள் என்று தெரிந்தது. அவள் எண்ணி முடிக்கும்வரை அந்தத் தெருவில் ஒருத்தரும் அசையவில்லை.

"பத்தொன்பது" என்றாள். அந்த வார்த்தை முழுசாக வந்தது.

ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். பூத்து நின்ற முதலாளியம்மாவை ஊன்றுகோலால் சுட்டிக் காட்டினாள். "எடுத்துட்டுப் போ."

"ரெண்டு நாள் இருக்கட்டும்டி. இல்லைன்னா அந்த ரெண்டு பூவையாவது பறிச்சுத் தந்துட்டுப் போறேன், மேஜையில வெச்சுக்கோ" என்று அசிமினா கையை நீட்டினாள்.

"பறிக்காத!" ஊன்றுகோல் அவள் கையில் தட்டென்று விழுந்தது. எவாந்தியாவின் கோணிய வாய் ஒரு பக்கமாக மேலே ஏறியது. ஒவ்வொரு வார்த்தையையும் உள்ளேயிருந்து பிடித்து இழுத்து வெளியே போட்டாள். "அப்புறம்... பூவைக் குடுத்ததாலதான்... தோத்தேன்னு... சாக்கு சொல்லுவே. அடுத்த வருஷம்... நான்தான்... முதல்ல."

அடுத்த வருஷம். பிப்ரவரியிலிருந்து அந்த வீட்டில் யாரும் அடுத்த வாரத்தைத் தாண்டிப் பேசியதில்லை. கோஸ்மாஸ் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டார், முதுகு குலுங்கியது. அசிமினாவுக்கும் கண்ணிலிருந்து மாலைமாலையாக வழிந்தது. முன்கையால் துடைத்தாள், மறுபடி வழிந்தது. அப்படியே நின்றுகொண்டு, தெரு முழுக்கக் கேட்கிற குரலில் கத்தினாள்.

"கனவு காணாதடி! பாக்கத்தானே போறேன்!"